வெம்பிளியில் ஒரு ஜாக்ஸன்வில்காரன்

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் ஜாக்ஸன்வில் என்று ஓர் ஊர் இருக்கிறது. நான் போனதில்லை. அங்கே எனக்கு உறவும் கிடையாது, பகையும் கிடையாது. ஆனாலும் செப்டம்பர் பிறந்துவிட்டால், லண்டன் வெம்பிளியில் இருக்கும் எங்கள் வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்கு விளக்கணைப்பு, திங்கட்கிழமை காலையில் குடும்பத் தலைவர் மனுஷராக எழுந்திருப்பாரா மாட்டாரா என்பதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் கையில் போய்விடுகிறது. ஜாக்ஸன்வில் ஜாகுவார்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நான் ரசிகன்.

“ஆர்சனல் இருக்கு, செல்சீ இருக்கு, டோட்டன்ஹாம் இருக்கு. தெருவுல எல்லாரும் அதைத்தான் பாக்குறாங்க. உங்களுக்கு மட்டும் எதுக்குங்க நாலாயிரம் மைலுக்கு அந்தாண்ட ஒரு டீம்?” என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் அவர்களைத் தேடிப் போகவில்லை. அவர்கள்தான் என் வாசலுக்கு வந்தார்கள்.

2007 அக்டோபர் 28 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸும் மயாமி டால்ஃபின்ஸும் வெம்பிளி ஸ்டேடியத்தில் மோதின. ஒப்புக்கு ஆடும் கண்காட்சி மேட்ச் இல்லை. சீசன் கணக்கில் சேரும் நிஜ மேட்ச். அன்றைக்கு மழை. புல்தரை சேறாகி, 13-க்கு 10 என்று ஜயன்ட்ஸ் ஜெயித்தது. அதிலிருந்து வருஷா வருஷம் அமெரிக்கர்கள் இங்கே வந்து ஆட ஆரம்பித்தார்கள். 2013-லிருந்து ஜாகுவார்ஸ், கொரோனா மறித்த 2020 தவிர, ஒரு வருஷம் கூடத் தவறவில்லை. இந்த மேட்சுகளை அவர்கள் ‘ஹோம் மேட்ச்’ கணக்கில் வைக்கிறார்கள் என்பதுதான் விசேஷம். அதாவது, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி வந்து, என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நின்றுகொண்டு, இது எங்கள் சொந்த மைதானம் என்கிறார்கள். இப்படி உரிமை கொண்டாடுகிறவர்களை யாரோ எவரோ என்று ஒதுக்க மனசு வருமா?

அந்த 2013-இல், ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் டிக்கெட் ஒன்று மிச்சமிருந்தது. கூடவே போனேன். விதிமுறை எதுவும் தெரியாது. சான் பிரான்சிஸ்கோ அணி 42, நம் ஜாகுவார்ஸ் 10. வீடு தேடி வந்த விருந்தாளி எண்பதாயிரம் பேர் முன்னிலையில் இப்படி அடிவாங்கிக்கொண்டு நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிற இனத்தில் பிறந்தவன் வேறு என்ன செய்வான்? அன்றைக்கே ரசிகன் ஆகிவிட்டேன். அவர்கள் தங்கள் ஊரிலும் அப்படித்தான் தோற்பார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1995-இல் ஆட வந்த அணி. மொத்தம் 32 அணிகளில் சூப்பர் பௌல் இறுதியாட்டத்தை எட்டிக்கூடப் பார்க்காதவை நான்கே நான்கு. எது எது என்று அடுக்க மாட்டேன். ஒன்று நம்முடையது.

அணியின் முதலாளி ஷாகித் கான், பாகிஸ்தானில் பிறந்து அமெரிக்காவில் கார் பம்பர் விற்றுக் கோடீஸ்வரரானவர். லண்டனில் ஃபுல்ஹாம் கிளப்பும் அவருடையதுதான். 2018-இல் வெம்பிளி ஸ்டேடியத்தையே விலைக்குக் கேட்டார். எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கிவிட்டார். எனக்கு ரொம்ப வருத்தம். வாங்கியிருந்தால் பக்கத்து மனைக்காரர் என்ற முறையில் ஒரு சீசன் டிக்கெட்டாவது கேட்டிருக்கலாம். மேட்ச் நாளில் எங்கள் தெருவில் பர்மிட் இல்லாத கார் ஒன்றும் நிற்க முடியாது என்ற தொல்லையைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

சரி, பிரிட்டனில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 1982 நவம்பரில் சேனல் ஃபோர் தொடங்கியபோது, கையில் காசு குறைவு, நிரப்ப வேண்டிய நேரம் அதிகம். ஞாயிறு மாலைகளில் அமெரிக்கக் கால்பந்துத் தொகுப்பு போட்டார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பையன்கள் ஒரு தலைமுறையே அதில் விழுந்தது. யார் அந்த வருஷம் டிவியில் ஜெயித்தார்களோ அவர்களே ஆயுளுக்கும் குலதெய்வம். 1986-இல் சிகாகோ பேர்ஸ் வெம்பிளிக்கு வந்தபோது, ‘ஃப்ரிட்ஜ்’ என்று பட்டப்பெயர் வாங்கிய வில்லியம் பெர்ரியைப் பார்க்கவே கூட்டம் திரண்டதாம். எனக்கு டிக்கெட் தந்த ஆபீஸ் பெரியவர் அந்தத் தலைமுறை. அவர் மயாமி டால்ஃபின்ஸ் பக்தர். 1984-இல் டான் மரினோ என்ற குவார்ட்டர்பேக், அதாவது அணிக்காகப் பந்தை எறிகிறவர், ஒரே சீசனில் 48 டச்டவுன் (பந்து எதிராளியின் எல்லைக்குள் போய்ச் சேர்வது) எறிந்து சாதனை படைத்ததைப் பார்த்துச் சேர்ந்தவர். அந்த சீசனின் சூப்பர் பௌலில் டால்ஃபின்ஸ் தோற்றது. அதற்கப்புறம் இன்று வரை அந்தப் பக்கமே போகவில்லை. மனுஷர் நாற்பது வருஷமாகக் காத்திருக்கிறார், தலையில் இருந்த முடி கூடக் காத்திருக்காமல் போய்விட்டது.

திங்கட்கிழமை காலையில் ஆபீசே ஆர்சனலையும் லிவர்பூலையும் அலசும்போது நாங்கள் இருவரும் காபி மெஷின் மூலையில் ஒதுங்கி, கள்ளக் கடத்தல்காரர்கள் மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வோம். அந்த வழியாகப் போகிறவர் எவராவது, “என்ன, ஹெல்மெட் போட்ட ரக்பியா?” என்று கேட்டுவிட்டுப் போவார். பெரியவர் சிரிப்பார். நாற்பது வருஷமாக இதே ஜோக்குக்கு இதே சிரிப்பு.

இந்த விளையாட்டை இங்கிருந்து பார்ப்பவனுக்கு எதிரணி ஒரு பொருட்டே இல்லை. அசல் எதிரி கடிகாரம். ஞாயிறு மேட்சுகள் மூன்று தவணை. முதல் தவணை நம் நேரம் மாலை ஆறு. இரண்டாவது ஒன்பதைத் தாண்டி. மூன்றாவது நள்ளிரவு ஒன்று இருபது, அதாவது கணக்குப்படி திங்கட்கிழமை. திங்கள் இரவு மேட்ச் இங்கே செவ்வாய் விடியற்காலை. வியாழன் மேட்ச் வெள்ளி. பல்லி பஞ்சாங்கம் பார்ப்பவர் கூட இத்தனை கணக்குப் போட மாட்டார்.

இதிலும் ஒரு விசேஷ வாரம் உண்டு. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் தள்ளுகிறார்கள். நடுவில் அகப்பட்ட நாட்களில் இரு தேசத்துக்கும் ஒரு மணி நேரம் நெருக்கம் கூடிவிடும். ஆறு மணி மேட்ச் ஐந்து மணிக்கே வந்து நிற்கும். என் மனைவி சிரமப்பட்டு, ஆறு மணிக்குள் என்னிடம் வாங்க வேண்டிய வேலையெல்லாம் வாங்கிவிடுவது என்று ஒரு நிர்வாக முறை வைத்திருக்கிறாள். அந்த ஒரு வாரம் அதில் ஒரு மணி நேரம் பள்ளம் விழும். அட்டத்தில் ஏறி ஸ்வெட்டர் பெட்டியை இறக்க வேண்டிய வாரமும் சொல்லி வைத்தாற்போல் அதுதான்.

ஒரு நாள் அவளுக்கு ஆர்வம் உண்டாக்கலாம் என்று எண்ணி, “மூணு மணி நேர மேட்ச்சுல பந்து நிஜமா ஆட்டத்துல இருக்கிறது சுமார் 11 நிமிஷம்தான் தெரியுமா? அமெரிக்கப் பத்திரிகை ஒண்ணு கையில ஸ்டாப் வாட்ச் வச்சு அளந்திருக்கு” என்றேன். மீதி நேரமெல்லாம் வியூகம் வகுப்பது, கூடிப் பேசுவது, நடுவர்கள் ஆலோசிப்பது என்று அந்த ஆட்டத்தின் ஆழத்தை விளக்கவிருந்தேன். அவள் கை துடைத்துக்கொண்டே, “அப்ப அந்தப் பதினோரு நிமிஷத்தைப் பாத்துட்டு வந்து குப்பைத் தொட்டியை வெளியில வையுங்க. நீலம் இந்த வாரம்” என்றாள்.

ஆட்ட நுணுக்கத்தை முதன்முதலில் மதித்துக் கேட்டவர் என் மாமியார். மயிலாடுதுறையிலிருந்து வந்து எங்களோடு ஓர் இலையுதிர்காலம் தங்கியிருந்தார். மாமனார் காலமான பின்னும் ஜவுளிக்கடைக் கல்லாவில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தவர். அவருக்கு நான் சொன்னேன்: “அத்தை, பந்து வச்சிருக்கிறவங்களுக்கு நாலு சான்ஸ். நாலுக்குள்ள பத்து கஜம் முன்னேறணும். முன்னேறினா மறுபடி நாலு சான்ஸ். இல்லேன்னா பந்தை எதிராளிகிட்டக் குடுத்துடணும்.”

“பத்து கஜமா? மடிசாருக்கே ஒம்பது கஜம் போதுமே மாப்பிள்ளை!”

அந்தச் சமயம் பார்த்து டிவியில் ஒரு சர்ச்சை. பத்து கஜம் தேறியதா இல்லையா என்று தெரியவில்லை. இரண்டு ஆட்கள் நுனியில் கழியும் நடுவில் சங்கிலியுமாக ஓடி வந்து, ஒருவர் கழியைத் தரையில் ஊன்ற, மற்றவர் சங்கிலியை இழுத்துப் பிடித்தார். நடுவர் குனிந்து பார்த்தார். மாமியார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, “அந்தக் கடைசியில நிக்கிறவன் அளவைத் தொய்ய விடுறான் பாரு. நம்ம கடையில இப்படி அளந்திருந்தா உங்க மாமா அன்னைக்கே கணக்குத் தீர்த்திருப்பார்” என்றார். பந்தின் மூக்கு முன்கழியைத் தொட ஒரு விரற்கடை பாக்கி. “பாத்தியா, நான் சொன்னேன்ல?” அதிலிருந்து மேட்ச் பார்த்தால் அவருக்கு ஆட்டக்காரர்கள் கண்ணில் படமாட்டார்கள், சங்கிலிக்காரர்களைத்தான் பார்ப்பார். 2025 சீசனிலிருந்து கேமராவை வைத்தே அளக்கிறார்கள், சங்கிலிக்காரர்கள் ஒப்புக்குத்தான் ஓரமாக நிற்கிறார்கள் என்று போனில் சொன்னபோது ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கம்ப்யூட்டர் பில்லு வந்தப்புறம் நம்ம கடையிலயும் யாரும் நின்னு பாக்குறதில்லை” என்றார்.

ரசிகன் என்றால் ஜெர்சி வேண்டாமா? ஜாகுவார்ஸின் நிறம் மயில்கழுத்துக்கும் பாசிக்கும் நடுவில் ஒன்று. அமெரிக்காவில் தோளில் பட்டை கட்டிய ஆறரையடி ஆசாமிகளுக்கு வெட்டிய சட்டையை, ஐந்தடி நாலங்குலத்தில் தோளே இல்லாத நான் போட்டுக்கொண்டால் முழங்கால் வரை வருகிறது. கை, முழங்கையைத் தாண்டுகிறது. முதல் நாள் அதோடு ஈலிங் ரோடில் காய்கறிக் கடைக்குப் போனேன். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் முருங்கைக்காயை நிறுத்தபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன அண்ணை, கந்தோர் வேலையை விட்டிட்டியளோ?” என்றார் கரிசனமாக. வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகும் பையன்களின் சட்டையும் ஏறக்குறைய அந்த நிறம்தான். இல்லை என்று விளக்கப் போனால் அமெரிக்கக் கால்பந்து, ஃப்ளோரிடா, ஷாகித் கான் எல்லாம் சொல்ல வேண்டும். பின்னால் நாலு பேர் க்யூவில். “பார்ட் டைம்தான்” என்று சொல்லிவிட்டு வந்தேன். கறிவேப்பிலை ஒரு கட்டு இனாமாகப் போட்டுக் கொடுத்தார்.

மகளின் கட்டளை சுருக்கமானது: “ஸ்கூல் வாசலுக்கு அந்த ஷர்ட்டோட வராதீங்கப்பா, ப்ளீஸ்.”

ஆனால் லண்டன் மேட்ச் நாளில் மட்டும் நானும் ராஜாதான். வெம்பிளி பார்க் ஸ்டேஷனிலிருந்து ஸ்டேடியம் வரைக்கும் உள்ள அகலப் பாதையில் 32 அணிகளின் சட்டையும் நடந்து வரும். ஆடப்போகிற இரண்டு அணி எதுவென்று சட்டையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. என்றைக்கோ ஓய்வு பெற்றவன் பெயர், வேறு அணிக்குப் போய்விட்டவன் பெயர், சிறையில் இருப்பவன் பெயர் என முதுகெல்லாம் வரலாறு. அமெரிக்காவில் இப்படி நடந்தால் கைகலப்பு வருமாம். இங்கே ஒருவரையொருவர் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டிக்கொள்வோம். மறுநாள் எல்லாருக்கும் அவரவர் காபி மெஷின் மூலைதானே!

டோட்டன்ஹாமில் 2019-இல் திறந்த புது ஸ்டேடியத்தையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஆங்கிலக் கால்பந்துக்கான புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து, தெற்குப் பக்க இருக்கைகளுக்கு அடியில் நகர்ந்து போய் ஒளிந்துகொள்கிறது. அடியில் அமெரிக்கர்களுக்கென்று செயற்கைத் தரை தனியாகத் தயாராக இருக்கிறது. பிரமாதமான பொறியியல் என்று எல்லாரும் வாய் பிளக்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு மைதானத்தையே மடித்து வைக்க இடம் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் மகள் சைக்கிளை வைக்க இடமில்லாமல் அது வருஷம் பூராவும் மாடிப்படி அடியில் என் முழங்காலுக்காகக் காத்திருக்கிறது.

அந்த டோட்டன்ஹாமில்தான் 2021 அக்டோபர் 17 அன்று ஜாகுவார்ஸும் டால்ஃபின்ஸும் மோதின. ஆபீஸ் பெரியவரும் நானும் அக்கம்பக்கத்து இருக்கை. ஜாகுவார்ஸ் அதுவரை தொடர்ந்து 20 மேட்ச் தோற்றிருந்தது. இருபது! நடுவில் ஏறக்குறைய ஒரு முழு கொரோனா சீசன் போயே போய்விட்டது. ஆட்டம் 20-க்கு 20 என்று நிற்க, கடைசி விநாடியில் மேத்யூ ரைட் என்பவர் 53 யார்டு தூரத்திலிருந்து உதைத்தார். பந்து காற்றில் வளைந்து கம்பங்களுக்கு நடுவே விழுந்தது. நான் இருக்கை மேல் ஏறி நின்றுவிட்டேன். கீழே பார்த்தால் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வழுக்கையைத் தடவிக்கொண்டிருக்கிறார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். “நாங்கள் போனால்தான் இருபது தோல்வியெல்லாம் முடிவுக்கு வரும். அந்தக் கைராசி எங்களுக்கு உண்டு” என்றார். 2007-இல் வெம்பிளிச் சேற்றிலும் தன் அணி தோற்பதைப் பார்த்தவர் அவர். அந்த சீசன் முழுக்க டால்ஃபின்ஸ் ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச். இப்படிப்பட்டவரிடம் ஆறுதல் சொல்ல நாம் யார்?

இருந்தாலும் நான் கண்ட தரிசனத்தில் உச்சம் ஸ்டேடியத்தில் அல்ல, எங்கள் வீட்டு ஹாலில். 2023 ஜனவரி 15, தைப்பொங்கல். அதிகாலை ஒன்றேகால் மணிக்கு ஜாகுவார்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸுக்கும் நாக்-அவுட் மேட்ச். அமெரிக்காவில் அப்போது சனிக்கிழமை இரவு. சத்தத்தை அணைத்து, போர்வையை முக்காடு போட்டு உட்கார்ந்தேன். எங்கள் குவார்ட்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸ் முதல் பாதியில் மட்டும் பந்தை நாலு தடவை எதிரிகள் கையிலேயே கொண்டு போய்க் கொடுத்தார். 27-க்கு பூஜ்யம். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மைத்துனன், அங்கே சௌகரியமாக ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டு, “அத்தான், போய்ப் படுங்க” என்று வாட்ஸ்அப் அனுப்பினான்.

படுக்கப் போயிருப்பேன். ஆனால் எங்கள் மாடிப்படியில் மூன்றாவது படி முனகும். பொங்கலுக்கு நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும் என்று அலாரம் வைத்துப் படுத்திருந்த மனைவியை இரண்டரைக்கு எழுப்பி, “இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்ற கேள்வியைச் சந்திக்கிற தெம்பு எனக்கில்லை. ஆகவே உட்கார்ந்தேன். என் அணி மேல் வைத்த நம்பிக்கையால் உட்கார்ந்தேன் என்று மைத்துனனிடம் இன்றுவரை சொல்லி வருகிறேன்.

இடைவேளைக்குள் ஒரு டச்டவுன். பிறகு இன்னொன்று. அதே லாரன்ஸ் நாலு டச்டவுன் எறிந்தார். 30-க்கு 28. கடைசி விநாடிகள். 36 யார்டிலிருந்து ரைலி பேட்டர்சன் உதைத்தார். பந்து கம்பத்துக்குள் போகுமா, போகுமா, போயிற்று. 31-க்கு 30! சத்தம் போடக் கூடாது என்ற விரதத்தை மறந்து, முக்காடோடு எழுந்து குதித்து அலறிவிட்டேன். என்ன அலறினேன் என்று எனக்கே தெரியாது.

திரும்பினால் மனைவி. ஒரு கையில் மஞ்சள் கொத்து கட்டிய பானை, மறு கையில் ஸ்பீக்கரில் போன். மயிலாடுதுறையில் அப்போது காலை பத்து மணி ஆகப் போகிறது.

“என்னடி சத்தம்? மாப்பிள்ளையா பொங்கலோ பொங்கல் சொல்றாரு?” என்றார் மாமியார்.

மனைவி டிவியைப் பார்த்தாள். என் முக்காட்டைப் பார்த்தாள். “ஆமாம்மா” என்றாள்.

“நல்லா இருக்கட்டும். இந்த அசலூர்லயும் விடியறதுக்குள்ள எழுந்து...” மாமியாருக்குக் குரல் தழுதழுத்தது. பிறகு சட்டென்று ஒரு சந்தேகம்: “ஏண்டி, நீ இன்னும் அடுப்பே பத்த வைக்கலைன்னியே?”

அடுத்த வாரம் கான்சாஸ் சிட்டியில் ஜாகுவார்ஸ் தோற்று வெளியேறியது. எதிர்பார்த்ததுதான். ஆனால் மயிலாடுதுறையில் அந்தப் பொங்கலிலிருந்து எனக்கு ஒரு மரியாதை.

லண்டனில் கிரகப்பிரவேசம், பூப்புனித நீராட்டு, அறுபதாம் கல்யாணம் முதலியவற்றுக்கு நாள் குறிக்கும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். செப்டம்பரிலிருந்து ஜனவரி வரை ஞாயிற்றுக்கிழமை வைப்பதானால் மதியச் சாப்பாட்டோடு முடித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு என்றால் காலைச் சிற்றுண்டியோடு. சூப்பர் பௌல் பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு. நம் நேரம் இரவு பதினொன்றரைக்குத் தொடங்கி மூன்றரை வாக்கில் முடியும். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எங்கள் வீட்டுக்கே வரலாம். ஜாகுவார்ஸ் ஆடாது என்பதால் பதற்றம் இருக்காது. முறுக்கும் ஃபில்டர் காபியும் உண்டு. திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு வாருங்கள், காரை வேறு எங்காவது நிறுத்துங்கள், மூன்றாவது படியை மட்டும் மிதிக்காதீர்கள்.